நியூஜெர்சியில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு முடிந்தபின் வரும் சர்சார்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிசன், பிஸ்கட்டவே, ஜெர்சி சிட்டி பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கோர்ட், அபராதம், வக்கீல் பீஸ் எல்லாம் முடிந்து ஆள் மூச்சு விடும் நேரத்தில் தபாலில் ஒரு பில் வருகிறது. அது என்னவென்று தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டு, பிறகு லைசென்ஸை இரண்டாவது தடவை இழந்தவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டாவது இழப்பு முழுக்கத் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இதைத் தொகுத்தேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

சர்சார்ஜ்னா என்ன? அபராதத்தோட இன்னொரு பேரா?

இல்லை, இரண்டும் வேறு. அபராதம் முனிசிபல் கோர்ட் விதிப்பது. சர்சார்ஜ் நியூஜெர்சி மோட்டார் வாகன ஆணையம் விதிப்பது. எல்லோரும் எம்விசி என்று சொல்வது இந்த ஆணையத்தைத்தான். டிடபிள்யூஐ, அதாவது குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் உறுதியானதும், அந்தத் தீர்ப்பு எம்விசி பதிவில் ஏறும். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு பில் என்று மூன்று வருஷம் வரும்.

ஒரு சின்னக் குழப்பம் இங்கே உண்டு. கோர்ட்டில் கட்டிய ரசீதைப் பார்த்தால் அதிலும் ‘சர்சார்ஜ்’ என்று நூற்றுச் சொச்சம் டாலருக்கு ஒரு வரி இருக்கும். அது கோர்ட் வசூலிக்கும் வேறொரு தொகை. அந்த வரியைக் காட்டி “நான்தான் ஏற்கெனவே சர்சார்ஜ் கட்டிவிட்டேனே” என்று வாதாடிப் பயனில்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

முதல் தடவையும் இரண்டாவது தடவையும் வருஷத்துக்கு 1,000 டாலர், மூன்று வருஷத்துக்கு 3,000. மூன்று வருஷத்துக்குள் மூன்றாவது தடவை என்றால் வருஷத்துக்கு 1,500, மொத்தம் 4,500. மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்ததற்காகத் தண்டனை பெற்றாலும் இதே கணக்குதான். குடித்து ஓட்டியது, பரிசோதனைக்கு மறுத்தது என இரண்டுமே ஒரே சம்பவத்தில் உறுதியாகியிருந்தால் ஒரு சர்சார்ஜ் மட்டுமே விதிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பில் வந்தால் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

கோர்ட்ல ஜட்ஜ் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே?

தண்டனையை வாசிக்கும்போது கோர்ட் விதிக்கும் தொகைகளைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். சர்சார்ஜ் அவர்கள் கையில் இல்லை. அதனால்தான் நீதிபதி அதைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ முடியாது. வக்கீல் ஆரம்பத்திலேயே சொல்லியிருப்பார், ஆனால் அன்றைக்கு இருந்த பதற்றத்தில் காதில் விழுந்திருக்காது. பலருக்கும் இதுதான் நடக்கிறது.

ஏன் இவ்வளவு லேட்டா வருது? கேஸ் முடிஞ்சு மாசக்கணக்காச்சு.

கோர்ட் தீர்ப்பை எம்விசிக்கு அனுப்ப வேண்டும், அது உங்கள் ஓட்டுநர் பதிவில் ஏற வேண்டும், பிறகு பில் தயாராக வேண்டும். பதிவில் ஏறிய தேதிக்குப் பிறகுதான் பில் வேலையே தொடங்கும். கோர்ட் தாமதமாக அனுப்பினால் எல்லாமே தாமதமாகும். வேறு மாநிலத்தில் நடந்த வழக்கு என்றால் அந்த மாநிலம் இங்கே தகவல் அனுப்பி, இங்கே ஒருவர் அதைப் பதிவில் ஏற்ற வேண்டும். அது இன்னும் இழுக்கும்.

இந்த இடைவெளிதான் ஆபத்து. “ஆறு மாசமா ஒன்றும் வரவில்லை, அப்படியானால் இல்லை போலிருக்கிறது” என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். வரவில்லை என்றால் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். தீர்ப்பான மாதத்திலிருந்தே மாதம் 84 டாலர் ஒதுக்கி வைத்தால், முதல் பில் எப்போது வந்தாலும் கை நடுங்காது.

ஒரு தப்புக்கு எத்தனை தண்டனை? இது அநியாயம் இல்லையா?

அநியாயம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதில் நியாயமும் இருக்கிறது. ஏனென்றால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஒரே தொகை. கிடங்கில் மணிக்கூலிக்கு நிற்பவருக்கும் கம்பெனி டைரக்டருக்கும் அதே ஆயிரம்தான். ஆனால் இது தண்டனை அல்ல, சிவில் கட்டணம் என்பதுதான் சட்டத்தின் நிலை. ‘ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை’ என்ற வாதம் இங்கே எடுபடாது.

இதன் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1980களில் நியூஜெர்சியில் வாகனக் காப்பீடு தாறுமாறாக இருந்தது. தனியார் கம்பெனிகள் ஏற்க மறுத்த ஓட்டுநர்களுக்குக் காப்பீடு கொடுக்க அரசு ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கியது. அதற்கான பணத்தில் ஒரு பங்கை மோசமாக ஓட்டுபவர்களிடமிருந்தே எடுக்கலாம் என்று 1983-இல் இந்தச் சர்சார்ஜ் வந்தது. அந்த அமைப்பு பெரும் கடனில் மூழ்கியதால் 1990-இல் சட்டம் போட்டு அதை முடித்துவைத்தார்கள். கடன் மட்டும் மிஞ்சியது. அதை அடைக்க வெளியிட்ட கடன் பத்திரங்களுக்குச் சர்சார்ஜ் வருமானத்தையே ஈடாகக் காட்டினார்கள். பத்திரத்துக்கு ஈடாகக் காட்டிய வருமானத்தை எந்த அரசும் லேசில் விட்டுக்கொடுக்காது. மன்னிப்புத் திட்டம் ஏதாவது வரும் என்று காத்திருப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

டிடபிள்யூஐக்கு பாயின்ட் கிடையாதுன்னாங்களே. அப்புறம் ஏன் சர்சார்ஜ்?

பாயின்ட் என்பது போக்குவரத்துத் தப்புகளுக்காக ஓட்டுநர் பதிவில் ஏறும் எண்ணிக்கை. டிடபிள்யூஐக்கு அது கிடையாது என்பது உண்மைதான். ஆனால் சர்சார்ஜ் இரண்டு வழியில் வரும். மூன்று வருஷத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் 150 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு பாயின்டுக்கும் 25 டாலர் என்பது ஒரு வழி. சில குற்றங்களுக்கு பாயின்டே பார்க்காமல் நேரடியாக விதிப்பது இன்னொரு வழி. டிடபிள்யூஐ இந்த இரண்டாவது வகை. லைசென்ஸ் நிறுத்தப்பட்ட நிலையில் ஓட்டினால் வருஷத்துக்கு 250, காப்பீடு இல்லாமல் ஓட்டினாலும் வருஷத்துக்கு 250, லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 100. இவையும் அதே வகைதான். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும்.

இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியத்தை ஏத்திட்டான். அதுல இது சேர்ந்திருக்கா?

சேரவில்லை. பிரீமியம் உயர்வு தனி, சர்சார்ஜ் தனி.

காரை வித்துட்டேன், லைசென்ஸும் கையில இல்ல. இப்பவும் கட்டணுமா?

கட்ட வேண்டும். சர்சார்ஜ் தீர்ப்போடு சேர்ந்தது, காரோடு சேர்ந்தது அல்ல. மூன்றாவது தடவை மாட்டியவர்களுக்கு லைசென்ஸ் 8 வருஷம் போய்விடும், ஆனால் பில்கள் முதல் மூன்று வருஷத்திலேயே வந்துவிடும். “எப்படியும் எட்டு வருஷம் ஓட்டப்போவதில்லையே” என்று விட்டவர்கள், எட்டாவது வருஷம் போய் நிற்கும்போது வட்டியோடு கடன் காத்திருப்பதைப் பார்க்கிறார்கள்.

ஒரேயடியா ஆயிரம் டாலர் கட்ட முடியாது. தவணை உண்டா?

உண்டு. மொத்தத் தொகை 2,300 டாலருக்குக் கீழ் என்றால் 12 மாதம், அதற்கு மேல் என்றால் 24 மாதம் வரை தவணை கொடுக்க சட்டம் இடம் தருகிறது. பில் வந்ததும் சர்சார்ஜ் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடைசித் தேதி தாண்டுவதற்கு முன்பே கேட்பது முக்கியம். லைசென்ஸ் நிறுத்தப்பட்ட பிறகு பேசுவதற்கும் அதற்கு முன் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். முதல் வருஷப் பில்லை 12 மாதத் தவணையில் கட்டி முடிக்கும்போது இரண்டாவது வருஷப் பில் வந்து நிற்கும். மூன்று வருஷமும் மாதாமாதம் கட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள். வீட்டு வாடகை போல ஒரு மாதச் செலவாக இதை எழுதி வைத்துவிடுவது நல்லது.

ஒரு மாசம் தவணை விட்டுப்போச்சு. என்ன ஆகும்?

தவணை என்பது அவர்கள் கொடுக்கும் சலுகை. ஒன்று தவறினால் சலுகை போய் மீதித் தொகை முழுவதையும் கேட்கலாம், லைசென்ஸையும் நிறுத்தலாம். விட்டுப்போனது தெரிந்த அன்றே கூப்பிட்டுப் பேசிக் கட்டிவிடுங்கள். அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

வீடு மாறிட்டேன், பில் வரவே இல்ல. வராத பில்லுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பதிவில் இருக்கும் கடைசி முகவரிக்குக் கடிதம் போட்டுவிட்டால் எம்விசியின் கடமை முடிந்தது. உங்கள் கையில் கிடைத்ததா என்பது அவர்கள் பிரச்சினை அல்ல. முகவரி மாறினால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

நம் ஆட்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பிராஜெக்ட் முடிந்து எடிசனிலிருந்து ஜெர்சி சிட்டிக்கு மாறுகிறார். வங்கி, ஆபீஸ், அமேசான் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றுகிறார். லைசென்ஸ்தான் ஏற்கெனவே போய்விட்டதே, எம்விசியில் எதற்கு மாற்றுவது என்று விட்டுவிடுகிறார். பழைய அபார்ட்மென்டின் தபால் பெட்டியில் முதலில் பில் விழுகிறது, அப்புறம் நினைவூட்டல், அப்புறம் லைசென்ஸ் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு. புதிதாகக் குடிவந்தவர் மூன்றையும் கூப்பன் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறார். கோர்ட் நிறுத்திவைத்த காலம் முடிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று இவர் வண்டி எடுக்கிறார். ரூட் 1-இல் பின் விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்துகிறது. லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்ததும் ‘நிறுத்தப்பட்டது’ என்று வருகிறது. அன்றைக்கு அவர் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

ஆகவே லைசென்ஸ் கையில் இல்லாவிட்டாலும் எம்விசியில் முகவரியை மாற்றுங்கள். சர்சார்ஜ் அலுவலகத்தையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தபால் நிலையத்தில் கொடுக்கும் முகவரி மாற்றத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பில்லுல என் பேர் தலைகீழா இருக்கு. இது என்னோடதுதானா?

அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ கடைசிப் பெயராக வைத்திருக்கும் நமக்கு இது சகஜம். பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, லைசென்ஸில் ஒரு வரிசை, போலீஸ் எழுதிய டிக்கெட்டில் வேறொன்று. பில்லில் இருக்கும் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். பணம் கட்டும்போது பில்லில் உள்ள எண்ணை அப்படியே குறிப்பிடுங்கள், செக்கிலும் எழுதுங்கள். பெயர் வித்தியாசத்தை எம்விசியில் சொல்லிச் சரிசெய்வது உங்கள் நன்மைக்குத்தான். பெயர் தப்பு என்பதால் பில் செல்லாமல் போய்விடாது.

கோர்ட் சொன்ன சஸ்பென்ஷன் முடிஞ்சுது. இன்னைக்கே வண்டி எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் திரும்ப வராது. 100 டாலர் மீட்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஐடிஆர்சி எனப்படும் மதுப்பழக்க விழிப்புணர்வு மையத்தின் வகுப்பை முடித்திருக்க வேண்டும். இன்டர்லாக் கருவி, அதாவது மூச்சில் மது தெரிந்தால் வண்டியைக் கிளம்ப விடாத கருவி, பொருத்த உத்தரவு இருந்தால் அதையும் நிறைவேற்ற வேண்டும். 2019 டிசம்பர் 1-இலிருந்து முதல் குற்றத்துக்கே இந்தக் கருவி வந்துவிட்டது. சர்சார்ஜ் பாக்கி இருக்கக்கூடாது. லைசென்ஸ் மீட்கப்பட்டது என்று எம்விசி எழுத்தில் சொன்ன பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

சர்சார்ஜ் கட்டாம லைசென்ஸ் போச்சு. ஆனா வேலைக்குப் போயே ஆகணும். மெதுவா, ஜாக்கிரதையா ஓட்டினா?

வேண்டாம். சர்சார்ஜ் பாக்கிக்காக லைசென்ஸ் நிறுத்தப்பட்ட நிலையில் ஓட்டி மாட்டினால், வழக்கமான அபராதத்துக்கு மேல் 3,000 டாலர் கூடுதல் அபராதம் என்று சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறது. சர்சார்ஜ் முழுவதையும் கட்டிவிட்டதாக நிரூபித்தால் அந்த 3,000-ஐக் கோர்ட் விலக்கும். அதாவது கடைசியில் எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். போதாததற்கு வருஷத்துக்கு 250 வீதம் புதிய சர்சார்ஜும் வரும்.

டிடபிள்யூஐக்காகவே நிறுத்தப்பட்ட காலத்தில் ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஜெயில் உண்டு, மேலும் ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் லைசென்ஸ் போகும். இரண்டாவது டிடபிள்யூஐக்காக நிறுத்தப்பட்டவர் ஓட்டினால் அது குற்றவியல் வழக்காகவே மாறி 180 நாள் ஜெயில் கட்டாயமாகும். ரயில், பஸ், நண்பர் கார், ஊபர் என்று எவ்வளவு சிரமமாக இருந்தாலும் அந்தச் செலவு இதைவிடக் குறைவு.

இந்தியா லைசென்ஸ் இருக்கு, இன்டர்நேஷனல் பர்மிட்டும் எடுத்துட்டா ஓட்டலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். சரியா?

சரியில்லை. நிறுத்திவைத்திருப்பது நியூஜெர்சி சாலையில் ஓட்டும் உரிமையை. அட்டை எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அந்த உரிமை இல்லை. பிடிபட்டால் மேலே சொன்ன அதே வழக்குதான்.

நியூயார்க்ல மாட்டினேன், லைசென்ஸ் நியூஜெர்சி. யாருக்குக் கட்டணும்?

பெரும்பாலும் இரண்டு பேருக்கும். நியூயார்க்கில் இதற்கு ‘ஓட்டுநர் பொறுப்புக் கட்டணம்’ என்று பெயர். வருஷத்துக்கு 250 டாலர் வீதம் மூன்று வருஷம், மொத்தம் 750. வெளிமாநிலத்துக்காரருக்கும் இது உண்டு. கட்டாவிட்டால் நியூயார்க்கில் ஓட்டும் உரிமை போகும்.

பிறகு மாநிலங்களுக்கிடையிலான ஓட்டுநர் உரிம ஒப்பந்தத்தின்படி தகவல் நியூஜெர்சிக்கு வரும். இங்கே நடந்திருந்தால் எப்படியோ அப்படியே எம்விசி நடத்தும். லைசென்ஸ் நிறுத்தம் உண்டு, வருஷத்துக்கு 1,000 சர்சார்ஜும் உண்டு. வெளிமாநிலத்தில் நடந்த இதே தன்மையுள்ள குற்றங்களுக்கும் சர்சார்ஜ் உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தாமதத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் அதிகம் பொருந்தும். நியூயார்க்கில் எல்லாம் முடிந்து நெடுநாள் கழித்து நியூஜெர்சி நோட்டீஸ் வருவதைப் பார்த்து அதிராதீர்கள். நிறுத்த நோட்டீஸில் விசாரணை கேட்பதற்குக் கெடு போட்டிருக்கும். அந்தக் கெடுவுக்குள் வக்கீலிடம் காட்டுங்கள்.

டெக்சாஸுக்கு மாறிட்டேன். அங்க இந்த சர்சார்ஜையே எடுத்துட்டாங்களாமே, அப்ப எனக்கும் போச்சா?

டெக்சாஸ் எடுத்தது டெக்சாஸ் சர்சார்ஜை. 2003-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை 2019 செப்டம்பர் 1-இல் ரத்து செய்தார்கள். நிலுவைகளையும் தள்ளுபடி செய்தார்கள். அதற்குப் பதிலாக, குடித்து ஓட்டியவர்களுக்குத் தீர்ப்பின்போதே 3,000-இலிருந்து 6,000 டாலர் வரை அபராதம் விதிக்கிறார்கள். மிச்சிகனும் இதேபோன்ற கட்டணத்தை 2018 அக்டோபர் 1-இல் கைவிட்டது. நியூஜெர்சி கைவிடவில்லை. காரணத்தை மேலே கடன் பத்திரக் கதையில் சொல்லியிருக்கிறேன்.

லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர்களின் பெயர்கள் தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் இருக்கும். டெக்சாஸில் புது லைசென்ஸ் கேட்கும்போதோ புதுப்பிக்கும்போதோ அது தெரியும். “முதலில் நியூஜெர்சியில் முடித்துவிட்டு வாருங்கள்” என்பார்கள். அங்கிருந்தபடியே பாக்கியைக் கட்டி மீட்புக் கட்டணத்தையும் செலுத்தலாம், நேரில் வரத் தேவையில்லை.

‘எம்விசி பாக்கி, உடனே கட்டு’ன்னு போன்ல மெசேஜ் வந்திருக்கு. இதுதானா அது?

இல்லை, ஏமாற்று. அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். சர்சார்ஜ் பில் தபாலில்தான் வரும். சந்தேகம் இருந்தால் மெசேஜில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, எம்விசி இணையதளத்தில் உள்ள சர்சார்ஜ் அலுவலக எண்ணைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

ஹெச்1பில இருக்கேன். சர்சார்ஜ் பாக்கி விசாவைப் பாதிக்குமா?

சர்சார்ஜ் பாக்கி ஒரு கடன். அது தானாக விசாவை ரத்து செய்யாது. விசாவைத் தொடுவது டிடபிள்யூஐ கைதும் தீர்ப்பும்தான். 2015-இலிருந்து, கடந்த ஐந்து வருஷத்துக்குள் குடித்து ஓட்டிக் கைதானவர்களின் விசா முத்திரையைத் தூதரகம் ரத்து செய்யலாம் என்ற நடைமுறை இருக்கிறது. அப்படி ரத்தானால் இங்கே தங்கியிருக்கும் அந்தஸ்து அதனாலேயே முடிந்துவிடாது. ஆனால் ஊருக்குப் போனால் புதிய முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. சென்னையில் நேர்காணலுக்குப் பிறகு தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கல்யாணம், காரியம் என்று ஒரு வாரம் போய்வரலாம் என்று கிளம்பி அங்கேயே மாட்டிக்கொள்ளும் நிலை வரும். டிக்கெட் போடுவதற்கு முன் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள்.

நியூஜெர்சியில் டிடபிள்யூஐ போக்குவரத்துக் குற்றம்தான். ஆனாலும் விசா படிவத்தில் “கைதாகியிருக்கிறீர்களா” என்ற கேள்விக்கு ‘ஆம்’தான் பதில். இதைப் பதிவிலிருந்து அழிக்கவும் வழியில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தீர்ப்புகள் இருந்தால் நன்னடத்தை இல்லை என்றே முதலில் கொள்வார்கள் என்று 2019-இல் முடிவாகியிருக்கிறது. கோர்ட்டின் சான்றளித்த தீர்ப்பு நகலையும் சர்சார்ஜ் கட்டிய ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

மொத்தமா இந்தியாவுக்கே போறேன். விட்டுடலாமா?

விட்டுவிட்டால் யாரும் விமான நிலையத்தில் நிறுத்தப்போவதில்லை. ஆனால் கடன் இங்கே வட்டியோடு நிற்கும். பத்து வருஷம் கழித்து வேறு கம்பெனி, வேறு மாநிலம் என்று திரும்பி வருபவர்கள் எத்தனை பேர்! அன்றைக்கு லைசென்ஸ் கேட்கப் போகும்போது, டெக்சாஸ் கேள்விக்குச் சொன்ன அதே பதில்தான் கிடைக்கும். கிளம்புவதற்கு முன் எந்த வருஷப் பில் வரை வந்திருக்கிறது என்று கேட்டு, வந்ததைக் கட்டுங்கள். மீதிப் பில்களுக்கு இங்கே நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தீர்ப்பாகி நாலு வருஷம் கழிச்சு முதல் பில் வருது. காலாவதி ஆகலையா?

தாமதம் ஒன்றை மட்டும் வைத்துக் கடனை இல்லாமல் செய்ய முடியாது. ஆனால் இவ்வளவு தாமதமான பில்லில் தப்பு இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஆராயாமல் கட்டாதீர்கள். எந்தத் தீர்ப்பு, எந்தக் கோர்ட், எந்தத் தேதி என்று சர்சார்ஜ் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஓட்டுநர் வரலாற்று அறிக்கையை 15 டாலர் கட்டி எம்விசியிடம் வாங்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஏற்கெனவே கட்டியதற்கே மறுபடி வந்திருக்கிறதா, ஒரே சம்பவத்துக்கு இரண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டிருக்கிறோம் என்பதால் கடைசித் தேதி நின்றுவிடாது. பதில் வருவதற்குள் தேதி தாண்டும் என்றால் முதல் தவணையைக் கட்டி லைசென்ஸைக் காப்பாற்றிக்கொண்டு சண்டையைத் தொடருங்கள். எம்விசி இறுதி முடிவு சொல்லிவிட்டால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மூச்சுக் கருவியே தப்புன்னு ஏதோ கேஸ் வந்துச்சே. அதுல என் பேர் இருந்தா கட்டின சர்சார்ஜ் திரும்ப வருமா?

நீங்கள் சொல்வது 2018 நவம்பரில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. மிடில்செக்ஸ், மான்மத், ஓஷன், சாமர்செட், யூனியன் ஆகிய ஐந்து மாவட்டங்களில் ஆல்கோடெஸ்ட் என்ற மூச்சுப் பரிசோதனைக் கருவிகளை அளவு சரிபார்க்கும்போது ஒரு முக்கியமான படி விடுபட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 20,667 பேரின் பரிசோதனை முடிவுகளைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று கோர்ட் சொன்னது. எடிசன் மிடில்செக்ஸில்தான் இருக்கிறது, அதனால் நம் ஆட்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பழைய தீர்ப்பை ரத்து செய்யும்படி மனுப் போட வேண்டும். போலீஸ் நேரில் பார்த்த சாட்சியத்தை வைத்து வழக்கை மறுபடி நடத்தவும் முடியும். தீர்ப்பு உண்மையிலேயே ரத்தானால் சர்சார்ஜுக்கு அடிப்படையே போய்விடும். சான்றளித்த உத்தரவு நகலை எம்விசிக்கும் சர்சார்ஜ் அலுவலகத்துக்கும் அனுப்பி, மீதிப் பில்லை நிறுத்தவும் கட்டியதைத் திருப்பித் தரவும் எழுத்தில் கேளுங்கள். கோர்ட் தானாகச் சொல்லிக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள்.

வழக்கு இன்னும் முடியல. சர்சார்ஜ் வராம பண்ண முடியுமா?

முன்பெல்லாம் நியூஜெர்சியில் டிடபிள்யூஐ வழக்கில் பேரம் பேசிக் குற்றத்தைக் குறைக்க அனுமதியே இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து அது மாறியிருக்கிறது. கண்மூடித்தனமாக ஓட்டிய குற்றமாக (ரெக்லெஸ் டிரைவிங்) குறைந்தால் வருஷத்துக்கு 1,000 டாலர் சர்சார்ஜ் வராது. ஆனால் அதற்கு 5 பாயின்ட் உண்டு. ஏற்கெனவே பதிவில் ஒரு பாயின்ட் இருந்தாலும் 6 ஆகிவிடும், பாயின்ட் சர்சார்ஜ் ஆரம்பிக்கும். வக்கீலிடம் இதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

எங்க வீட்டுக்காரர் பேர்ல பாக்கி இருக்கு. வீட்டை விக்கும்போது பிரச்சினை வருமா?

வரும். கட்டாத சர்சார்ஜை எம்விசி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்புக் கடனாகப் பதிவு செய்யலாம். அதன் பிறகு வட்டியும் செலவும் சேரும், சம்பளத்தில் பிடிக்கலாம், அவர் பெயரில் உள்ள வீடு நிலத்தின் மேல் உரிமை கோரலாம், மாநில வரி திரும்ப வர வேண்டியிருந்தால் அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டை விற்கவோ அடமானத்தை மாற்றவோ போகும்போது சொத்தில் வில்லங்கம் உண்டா என்று டைட்டில் கம்பெனி தேடிப் பார்க்கும், அங்கே இது தெரிந்துவிடும். கையெழுத்துப் போடும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் தெரிந்தால் குடும்பமே பதறும். விற்கும் எண்ணம் வந்த உடனேயே தேடிப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள்.

மூணு வருஷமும் கட்டி முடிச்சாச்சு. இனிமே எதுவும் இல்லைன்னு எப்படி உறுதி பண்றது?

சர்சார்ஜ் அலுவலகத்தில் பாக்கி பூஜ்ஜியம் என்று எழுத்தில் வாங்குங்கள். எம்விசியின் ஓட்டுநர் வரலாற்று அறிக்கையை இன்னொரு தடவை எடுத்து, எந்த நிறுத்தமும் நிலுவையில் இல்லை என்று பாருங்கள். கடன் கோர்ட்டில் பதிவாகியிருந்தால் பணம் கட்டியதோடு அந்தப் பதிவும் மறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடன் தீர்ந்தது என்ற ஆவணம் அதே கோர்ட்டில் பதிவாக வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, முதல் வருஷத்திலிருந்து கட்டிய ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள்.